சர்வே எண் தேதியாக மாறினால் இழப்பீடு எப்படி வரும்?



இந்தப் பகுதிக்கு வழக்கமாகக் குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு, மண் பரிசோதனை என்றுதான் கடிதங்கள் வரும். இந்த முறை நான்கு கடிதங்கள் கணினியைப் பற்றி வந்திருக்கின்றன. இதில் வியப்பில்லை. பயிர்க் காப்பீடு, மானியம், வெள்ள நிவாரணம், ஆண்டுக்கு மூன்று தவணையாக வரும் பி.எம்.கிசான் 6,000 ரூபாய் எல்லாமே இன்று பட்டியல் வழியாகத்தான் வருகின்றன. பட்டியலில் ஓர் இலக்கம் பிசகினால் பணம் வேறு வழியில் போய்விடும், அல்லது வராமலே நின்றுவிடும். ஆகவே பயிருக்கு வரும் நோயைப் போலவே பட்டியலுக்கு வரும் நோயையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நான்கு கடிதங்களுக்கும் இந்த இதழில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவில் 100 பேர் இருக்கிறோம். பயிர்க் காப்பீட்டுக்காகப் பெயர், சர்வே எண், பரப்பு, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை நோட்டில் எழுதி வைத்திருந்தோம். பொறியியல் படிக்கும் என் மகள் அதைக் கணினியில் ஏற்றி, பைத்தானில் நிரல் எழுதி, எக்செல்லில் திறக்கிற மாதிரி கோப்பாக்கிக் கொடுத்தாள். பட்டியல் திரும்பி வந்துவிட்டது. 12/3 என்ற சர்வே எண் ‘12-மார்ச்’ என்று இருக்கிறதாம். சிலருடைய கணக்கு எண்ணில் முன்னால் இருந்த பூஜ்யங்களைக் காணோம். ஆதார் எண் ‘1.23457ஈ+11’ என்று ஏதோ மாதிரி தெரிகிறது. பிழை என் மகளிடமா, கணினியிடமா? கடைசித் தேதி நெருங்குகிறது, ஐயா.
– ஒரு வாசகர், செம்பரம்பாக்கம்

பதில்: மகளைத் திட்ட வேண்டாம். அவர் செய்தது நல்ல வேலை. 100 பேர் விவரத்தைக் கையால் தட்டினால் அதிலும் பிழை வரும். இங்கே நடந்தது, நிரலுக்கும் எக்செல்லுக்கும் நடுவில் ஒரு தகவல் சொல்லப்படாமல் விட்டுப்போனதுதான்.

முதலில் ‘அணி’ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நிரலில் தகவலை வரிசையும் பத்தியுமாக அடுக்கி வைப்பதை அணி என்பார்கள். உங்களுக்குப் புதிதல்ல. வி.ஏ.ஓ. வைத்திருக்கும் அடங்கலைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரிசை. பரப்பு, பயிர், பாசன ஆதாரம் என்று பத்திகள். அதுவும் ஓர் அணிதான். உங்கள் ஊர் ஏரிக் கணக்கும் அப்படித்தான். சென்னைக் குடிநீர் வாரியம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் அன்றாட இருப்பை வெளியிடுகிறது. ஏரிக்கு ஒரு பத்தி, நாளுக்கு ஒரு வரிசை என்று அடுக்கினால் அதுவும் ஓர் அணி.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் இலக்கத்தில் எழுதப்படுவது எல்லாம் எண் அல்ல. சில அளவுகள், சில பெயர்கள்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, புழல் 3,300. இரண்டையும் கூட்டினால் 6,945. அதற்குப் பொருள் உண்டு. இது அளவு. உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையும் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு எண்ணையும் கூட்டினால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. ஏனென்றால் அது உங்கள் கணக்கின் பெயர்; இலக்கங்களால் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சர்வே எண், ஆதார் எண், கைபேசி எண், அஞ்சல் குறியீட்டு எண் எல்லாம் பெயர்களே. ‘கூட்டினால் பொருள் வருமா?’ என்று கேட்டுப் பாருங்கள். வராது என்றால் அந்தப் பத்தியை ‘எழுத்து’ என்றுதான் கணினிக்குச் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் எக்செல் தானாக ஊகிக்கும். அந்த ஊகம் செய்யும் வேலைகள் இவை:

12/3 என்று பார்த்ததும் அதைத் தேதி என்று நினைக்கும். இந்திய முறையில் அமைத்த கணினியில் மார்ச் 12 ஆகும். அமெரிக்க முறையில் அமைத்த கணினியில் டிசம்பர் 3 ஆகும். உள்ளே 12/3 என்பது அழிந்து, நாள் கணக்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். 2025-இல் திறந்திருந்தால் அது 45728. பிறகு அந்தப் பத்தியை ‘எழுத்து’ என்று மாற்றினாலும் 45728 என்றுதான் வரும்; 12/3 திரும்பாது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 137/4 என்பது எந்தத் தேதிக்கும் பொருந்தாது, அப்படியே நிற்கும். 12/3ஏ என்பதில் எழுத்து இருப்பதால் அதுவும் நிற்கும். 100 வரிசையில் பத்துப் பன்னிரண்டு மட்டும் கெடும். மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படாது. நெல் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்கதிர் தெரிவது போலத்தான்.

கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களை எக்செல் ‘மதிப்பில்லாதவை’ என்று நீக்கிவிடும். அளவுக்கு அது சரி. 007 கிலோ என்பது 7 கிலோதான். பெயருக்கு அது சரியல்ல. அடுத்து, எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். சில வங்கிகளில் கணக்கு எண் 16 இலக்கம். அந்தப் பதினாறாவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். இது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும்.

ஆதார் எண் 12 இலக்கம். அத்தனை நீள எண்ணை எக்செல் சுருக்கிக் காட்டும். உங்கள் பட்டியலில் தெரிந்த ‘ஈ+11’ அதுதான். கோப்பு எக்செல் வகையில் இருக்கும்வரை உள்ளே முழு எண் இருக்கும், பயமில்லை. ஆனால் அதைக் காற்புள்ளிக் கோப்பாகச் சேமித்தால், அதாவது சி.எஸ்.வி. வகையாகச் சேமித்தால், சுருக்கிக் காட்டியதே நிரந்தரமாகிவிடும். அதன்பின் மீட்க முடியாது.

உங்கள் மகள் சி.எஸ்.வி. கோப்பாக எழுதியிருப்பார், யாரோ அதை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்து சேமித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அறிகுறிகள் அதைத்தான் சொல்கின்றன. கெட்ட கோப்பைத் திருத்த உட்கார வேண்டாம். அவர் முதலில் ஏற்றிய மூலத்திலிருந்தே மறுபடி எழுதச் சொல்லுங்கள். அதுவும் கெட்டிருந்தால் நோட்டுதான் மூலம். அவரிடம் இந்த ஆறு குறிப்புகளைக் காட்டுங்கள்:

1. மூலத்தைப் படிக்கும்போதே சர்வே எண், ஆதார், கணக்கு எண், கைபேசி எண் பத்திகளை எழுத்தாகப் படிக்கும்படி நிரலில் சொல்ல வேண்டும். எழுதும்போது சொல்வது காலம் தாழ்ந்த மருந்து. படிக்கும்போதே பூஜ்யம் போயிருக்கும். ஒருவருடைய கணக்கு எண் காலியாக இருந்தால் சில சமயம் பத்தி முழுவதும் தசம எண்ணாகி, எல்லார் எண்ணுக்கும் பின்னால் ‘.0’ ஒட்டிக்கொள்ளும்.

2. சி.எஸ்.வி.யாக எழுதாமல் நேரே எக்செல் கோப்பாக எழுத வேண்டும். பைத்தானில் பாண்டாஸ், ஓபன்பைஎக்செல் என்ற கருவிகள் இருக்கின்றன. எழுத்தாகக் கொடுத்ததை அவை எழுத்தாகவே கட்டத்தில் வைக்கும். 12/3 என்பது 12/3 ஆகவே இருக்கும். கல்லூரியில் மேட்லேப் பழகியவர்கள் இப்படிக் கலந்த பட்டியலை அட்டவணையாக எழுதும் கட்டளையைப் பயன்படுத்தலாம்.

3. அந்தப் பத்திகளின் கட்ட வடிவத்தையும் ‘எழுத்து’ என்று அமைத்துவிட வேண்டும். பிறகு யாராவது அந்தக் கட்டத்தில் திருத்தினாலும் தேதியாக மாறாது.

4. பாண்டாஸ், கேட்காமலே முதல் பத்தியாக 0, 1, 2 என்று வரிசை எண் ஒன்றைச் சேர்க்கும். அதை வேண்டாம் என்று சொல்லாவிட்டால் பெயர் இருக்க வேண்டிய பத்தியில் எண் நிற்கும். மற்றவை ஒவ்வொரு பத்தி தள்ளிப்போகும்.

5. பரப்பு அளவு, அது எண்ணாகவே இருக்க வேண்டும். ஆனால் சிட்டாவில் ‘0 - 40.50’ என்று ஹெக்டேரும் ஏரும் பிரித்து எழுதியிருக்கும். 100 ஏர் ஒரு ஹெக்டேர். அதை அப்படியே ஏற்றினால் எழுத்தாகிவிடும்; கூட்டலில் சேராது. 0.4050 என்று ஹெக்டேராக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அது சுமார் ஓர் ஏக்கர்.

6. பழைய கோப்பின் பெயரிலேயே எழுதினால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்துவிடும், ‘அழிக்கட்டுமா?’ என்று கேட்காது. கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்துப் புதிதாக எழுதுவதே பாதுகாப்பு.

முடிந்ததும் மூன்று சோதனை. வரிசைகள் 100 இருக்கின்றனவா? பரப்பின் கூட்டுத்தொகை நோட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறதா? மூன்றாவது, அச்செடுத்துக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொருவரும் பாஸ் புத்தகத்தையும் சிட்டாவையும் வைத்துத் தன் வரிசையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். அரை மணி நேர வேலை. ஆதாரும் கணக்கு எண்ணும் சேர்ந்த அந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தவறான கைக்குப் போனால் வேறு தொல்லை.

இது உங்கள் குழுவுக்கு மட்டும் வந்த நோய் என்று எண்ண வேண்டாம். மரபணு ஆராய்ச்சியாளர்களின் பட்டியல்களில் மார்ச், செப்டம்பர் மாதச் சுருக்கம் போல் தோன்றிய மரபணுப் பெயர்கள் எக்செல்லில் தேதியாக மாறி வந்தன. 2016-இல் ஆய்வுக் கட்டுரைகளைச் சோதித்தபோது, மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். எக்செல்லைச் செய்யும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2023-இல், இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியைக் கொடுத்தது. நம்மால் சர்வே எண்ணை மாற்ற முடியாது. ஆகவே பத்தியை எழுத்து என்று சொல்வதே நமக்கு வழி.

கேள்வி: பல வருடமாகத் தோட்டத்தில் மழைமானி வைத்து நோட்டில் எழுதி வருகிறேன். என் பையன் அதைக் கணினியில் ஏற்றி எக்செல் கோப்பாக்கினான். மழை அளவெல்லாம் சரியாகத் தெரிகிறது. ஆனால் கூட்டல் போட்டால் பூஜ்யம் வருகிறது! இன்னொன்று, 2015 டிசம்பர் பெருமழை பிப்ரவரி மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.
– ஒரு வாசகர், பூந்தமல்லி

பதில்: நோட்டு எழுதி வருகிற உங்களுக்கு முதலில் பாராட்டு. மேலே சொன்ன நோயின் மறுபக்கம் இது. அங்கே பெயர் எண்ணாக மாறியது. இங்கே எண் பெயராக மாறியிருக்கிறது.

பைத்தானில் ‘நம்பை’ என்ற கருவியின் அணியில் சாதாரணமாக எல்லாக் கட்டமும் ஒரே வகையாக இருக்க வேண்டும். தேதியையும் ‘தூறல்’ என்ற குறிப்பையும் மழை அளவையும் ஒரே அணியில் போட்டால், எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றிவிடும். அதை எக்செல்லுக்கு எழுதினால் 47 என்பது எண் 47 அல்ல, ‘நாற்பத்தேழு’ என்று எழுதி வைத்தது போல. கூட்டல், எழுத்தைக் கணக்கில் சேர்க்காது. ஆகவே விடை பூஜ்யம். கட்டத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரிகிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். தேதி, அளவு, குறிப்பு மூன்றையும் தனித்தனிப் பத்தியாக, ஒவ்வொன்றும் தன் வகையோடு எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து தேதி. 02/12/2015 என்பது நமக்கு டிசம்பர் 2. அமெரிக்க முறையில் அது பிப்ரவரி 12. பல நிரல்கள் சொல்லாவிட்டால் மாதத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். டிசம்பரின் முதல் 12 நாட்கள் ஆண்டு முழுக்கச் சிதறிவிடும். 13-ஆம் தேதியிலிருந்து, பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் பெரும்பாலும் எழுத்தாக நின்றுவிடும். ‘நாள் முதலில்’ என்று நிரலில் சொல்ல வேண்டும். கோப்பில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2015-12-02 என்று வைத்தால் எந்தக் கணினியிலும் குழப்பம் வராது.

இது சின்ன விஷயம் அல்ல. வானிலைத் துறை ஒரு நாளின் மழையைக் காலை 8.30 மணியோடு முடித்துக் கணக்கிடுகிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பகலும் இரவும் கொட்டிய மழை, டிசம்பர் 2 காலைக் கணக்கில்தான் வரும். அந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. ஓர் ஏக்கரில் ஒரு மில்லி மீட்டர் மழை என்றால் சுமார் 4,047 லிட்டர். 47 செ.மீ. என்றால் ஓர் ஏக்கருக்கு 19 லட்சம் லிட்டர். ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்ட வெள்ளம் அது. அந்த நாளின் வரிசை பிப்ரவரியில் நின்றால், ‘எங்கள் ஊரில் எந்த வாரம் நாற்று விடலாம், எந்த வாரம் அறுவடை ஆபத்து?’ என்று உங்கள் நோட்டைக் கேட்கவே முடியாது.

இன்னும் இரண்டு குறிப்பு. மழை பெய்யாத நாளுக்கு 0 எழுதுங்கள். ஊருக்குப் போயிருந்து அளக்காத நாளுக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். முதலில் பூஜ்யங்களால் ஓர் அணி செய்துகொண்டு பிறகு நிரப்புவது நிரலாளர் வழக்கம். அப்படிச் செய்தால் அளக்காத நாளும் மழையில்லாத நாளாகிவிடும், சராசரி குறைந்துவிடும்.

ஒரு வருடத்து 365 அளவுகளையும் ஒரே பட்டியலாக எழுதினால் சில கருவிகள் அதைக் கிடையாக ஒரே வரிசையில் படுக்க வைத்துவிடும். நாளுக்கு ஒரு வரிசை என்று செங்குத்தாக எழுதச் சொல்லுங்கள். பழைய வகை எக்செல் கோப்பில் 256 பத்திகள்தான். 365 நாள் அதில் அடங்காது. வரிசைக்கும் அதில் 65,536 என்ற எல்லை உண்டு. 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளை இந்தப் பழைய வகைக் கோப்பில் ஏற்றி, 15,841 பேருடைய விவரம் உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போனது. புதிய வகைக் கோப்பில் 10,48,576 வரிசை, 16,384 பத்தி உண்டு. அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: கோப்பில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கல் கிறுக்கலாகத் தெரிகின்றன. பெயர்களை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?
– ஒரு வாசகி, திருமழிசை

பதில்: வேண்டியதில்லை, அம்மா. சி.எஸ்.வி. கோப்பில் ‘இது யூனிகோடு’ என்ற அடையாளம் தொடக்கத்தில் இல்லாததால் எக்செல் வேறு குறியீடாகப் படிக்கிறது. யூ.டி.எஃப்-8 வகையில், அந்தத் தொடக்க அடையாளத்தோடு எழுதும் வசதி பைத்தானில் உண்டு. நேரே எக்செல் கோப்பாக எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் காப்பீட்டுப் பட்டியலில் பெயர், ஆதாரிலும் பாஸ் புத்தகத்திலும் உள்ளது போலவே இருக்க வேண்டும். அங்கே ஆங்கிலத்தில் இருந்தால் அந்த எழுத்துக்கூட்டலையே போடுங்கள். தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் நிரல் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. கைபேசியில் கூகுள் ஷீட்டில்தான் குழுக் கணக்கைத் தட்டுகிறேன். எனக்கும் இந்தத் தொல்லை வருமா?
– ஒரு வாசகர், குன்றத்தூர்

பதில்: வரும். கையால் தட்டினாலும் ஊகம் ஒன்றுதான். தட்டத் தொடங்கும் முன்பே சர்வே எண், கணக்கு எண், ஆதார் பத்திகளைத் தேர்ந்தெடுத்து, வடிவத்தில் ‘வெறும் எழுத்து’ என்று மாற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு கட்டங்களுக்கு என்றால் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போட்டுவிட்டுத் தட்டுங்கள். கட்டத்தில் அந்தக் குறி தெரியாது. எண் மட்டும் நீங்கள் தட்டியபடியே நிற்கும். தட்டி முடித்த பிறகு வடிவத்தை மாற்றுவது பயனில்லை. விதைநேர்த்தியை விதைக்கும் முன்தான் செய்ய வேண்டும், இல்லையா?

பட்டியல் கொடுக்கும் எல்லாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். கணினியில் ஏறிவிட்டது என்று கைநோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செம்பரம்பாக்கம் வாசகரின் குழுவுக்கு இன்று கைகொடுக்கப் போவது அந்த நோட்டுதான். காப்பீட்டுத் தொகை கட்டிய ரசீதையும், கொடுத்த பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்றையும் அதே நோட்டில் வைத்திருங்கள்.

அடுத்த இதழில், கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய நெல் வயலுக்கு மேலுரம் எப்போது, எவ்வளவு என்று வந்திருக்கும் கேள்விகளைப் பார்ப்போம். உங்கள் கேள்வியோடு பயிர், ரகம், நட்ட தேதி, மண் வகை நான்கையும் எழுத மறக்காதீர்கள். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதினால் எனக்கும் குழப்பம் வராது.